தனி டேபிளும் தனி ஃபேனும்

முத்துவுக்கு,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும். நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். காலையில் குளியலறைக் கதவை நீ தட்டிய தட்டில் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்கு அப்பன் கடிதம் எழுதுவது நம் பக்கத்து வழக்கமில்லை. ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது நான் பேச ஆரம்பித்ததும் நீ தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. நீ மாடிக்குப் போனால் அதுவும் கூடவே வரும்.

காளவாசல் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பிசைந்து உருட்டிய மைதா உருண்டைகள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு ஈரத்துணிக்குள் படுத்திருக்கின்றன. அவை ஊறி எழுந்திருக்கும்வரை எனக்கு வேலை இல்லை. உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் இதில் விளக்கமாக எழுதியிருப்பேன், பொறுத்துக்கொள். உன் பழைய வகுப்பாசிரியை ஸ்டெல்லா டீச்சர் இதை வேறு சில பெற்றோருக்கும் படிக்கக் கொடுக்கப் போகிறாராம். பரோட்டாக்காரன் எழுதிய கடிதத்தை நாலு பேர் படிப்பதென்றால், அதில் கொஞ்சம் சரக்கு இருக்க வேண்டும் அல்லவா?

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை நீ வேலைக்காக லூதியானாவுக்கு ரயில் ஏறுகிறாய். அதற்கு முன், புதன்கிழமை மத்தியானம், பசுமலையில் நீ படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒருவேளைச் சோறு சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். முதல் வகுப்பில் யாழினி என்று ஒரு குழந்தை இருக்கிறது. உனக்கு இருக்கிற வயிற்று நோய்தான் அதற்கும். உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பம், பிள்ளையின் படிப்புக்காக இங்கே வந்து வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். இந்த வாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி ஊருக்கே கூட்டிப்போய்விடுவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். காரணம் படிப்பு இல்லை. மத்தியானச் சாப்பாடு. இதைத்தான் நேற்றுச் சொல்ல வந்தேன். "நான் என்னப்பா, பொருட்காட்சியில வைக்கிற சாமானா?" என்று கேட்டுவிட்டு நீ படியேறினாய். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டியிருக்கிறது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது நீ முதல் வகுப்புப் பையன்களைவிடக் குட்டை. கையும் காலும் குச்சி குச்சியாக இருக்க, வயிறு மட்டும் தேர்தலில் ஜெயித்தவர் வயிறு போல முன்னால் நடந்து போகும். பூச்சியாக இருக்கும் என்றார்கள். மருந்து கொடுத்தோம், வயிற்றில் பூச்சி இல்லாததால் மருந்து வேலையில்லாமல் திரும்பி வந்தது. சத்துக் குறைவு என்றார்கள். விளம்பரத்தில் பிள்ளைகள் மடமடவென்று வளர்கிறார்களே, அந்த மாவை வாங்கிப் பாலில் கலக்கிக் காலையும் மாலையும் கொடுத்தோம். அது பார்லியையும் கோதுமையையும் சேர்த்துச் செய்தது. அதற்குமேல் பிள்ளை தேறட்டும் என்று நம் கடையிலிருந்து பூப்போல இரண்டு பரோட்டா. உன்னைத் தேற்றுவதற்கு நாங்கள் பாசத்தோடு செய்த ஒவ்வொன்றும் உன் குடலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. இத்தனை அக்கறை இல்லாத வீட்டில் பிறந்திருந்தால் நீ இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பாய்.

கடைசியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, குழாய் விட்டுக் குடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தும் பார்த்து, சீலியாக் என்று பெயர் சொன்னார். கோதுமையில் பசை மாதிரி ஒரு புரதம் இருக்கிறதாம். மாவைப் பிசைந்தால் ரப்பர் போல இழுபடுகிறதே, அந்த இழுவைதான் அது. ஊரில் மற்றவர்களுக்கு அது சாப்பாடு. உன் உடம்பு அதை எதிரி என்று நினைத்து, அடிக்கப் போய்த் தன் குடலையே அடித்துக்கொள்கிறது. மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஒரு பொட்டுகூட உள்ளே போகக் கூடாது, ஆயுள் முழுக்க. அதை மட்டும் காப்பாற்றினால் பிள்ளை எல்லோரையும் போல வளர்வான் என்றார். பிறகு, "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இழுவைக்காகத்தான் நான் மாவை அடிக்கிறேன், வீசுகிறேன், துணி போல விசிறுகிறேன். இழுபடாத மாவு பரோட்டாவுக்கு ஆகாது. நம் வீட்டில் அரிசி வாங்கியதும் உனக்குச் சட்டை எடுத்ததும் அந்த இழுவையில் வந்த வருமானம்தான். உன் மாமாவுக்கு இது பிடிபடவே இல்லை. "ஏன் மாப்ள, ஊருக்கே பரோட்டா போட்டுக் குடுக்குறீக. சொந்தப் புள்ளைக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதுன்னு ஒரு டாக்டர் சொல்லுவாராம், நீங்களும் மண்டைய ஆட்டிக்கிட்டு வருவீகளாம்! கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்துப் பழக்குங்க, எல்லாம் சரியாயிரும்" என்றார். உன் அம்மா உள்ளேயிருந்து, "ஒனக்குச் சீனி நோய் வந்து எம்புட்டு வருசமாச்சு? கொஞ்சங்கொஞ்சமா அல்வாத் தின்னு நீ மொதல்ல பழகுண்ணே, பாப்போம்" என்றாள். மாமா அதற்குப் பிறகு மருத்துவ ஆலோசனையைக் குறைத்துக்கொண்டார்.

வீட்டையும் கடையையும் பிரித்தோம். கடைச் சட்டை கடையிலேயே ஆணியில் தொங்கும். கடைக்குப் பின்னால் குழாயடியில் தலைக்கு ஊற்றி, மாற்றுடை உடுத்திக்கொண்டுதான் வீட்டுக்குப் புறப்படுவேன். "தெனமும் துட்டிக்குப் போயிட்டு வாரவரு மாதிரி தலை முழுகிட்டு வாராருய்யா" என்று மாமா தெருவெல்லாம் சொல்லி வைத்தார். சிலர் நிஜமாகவே யார் இறந்தது என்று விசாரித்தார்கள். நம் வீட்டில் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கமும் அப்போதுதான் வந்தது. உன் அம்மா ஒருநாள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, கொதிக்கிற சாம்பாரைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். அதில் பாதிக்கு மேல் கோதுமை மாவு. பருப்பும் புளியும் அரிசியுமாகச் சாப்பிடுகிறோம், பயமில்லை என்று நினைத்திருந்தோம். கோதுமை ஒரு சிட்டிகைப் பொடிக்குள் ஒளிந்துகொண்டு தினமும் நம்மோடு சாப்பிட்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொன்னோம். அப்போதைய தலைமையாசிரியர் நல்ல மனிதர். முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க கவலையே படாதீங்க. பையனுக்கு ஆபீஸ் ரூம்ல தனி டேபிள், தனி ஃபேன். யார் கையும் படாது. வி.ஐ.பி. மாதிரி சாப்பிடட்டும்" என்றார். உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நம் பரம்பரையில் முதன்முதலாகத் தனி ஃபேன் ஒதுக்கப்பட்ட ஆள் நீதான்.

அப்படியும் உனக்கு வயிறு சரியாகவில்லை. வீட்டில் தப்பே இல்லை என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நேரே போய் உன் வகுப்பாசிரியை ஸ்டெல்லா டீச்சரிடம், நீங்கள்தான் பிறந்தநாள் கேக்கு, பிஸ்கட்டு என்று எதையோ கொடுக்கிறீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அவர் கணவரோடு கடைக்கு வந்து பரோட்டா சொல்லி உட்கார்ந்தார். உனக்காக நான் தினமும் ராத்திரிக்குக் கறி தோசை போட்டுக் கட்டி அனுப்புவேனே, அதையும் போட்டுக்கொண்டிருந்தேன். அரிசி மாவும் கறியும் முட்டையும்தான். அதில் கோதுமைக்கு என்ன வேலை? டீச்சர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அண்ணே, பரோட்டா எடுத்த கல்லுதானே அது?" என்றார்.

"ஆமா டீச்சர்."

"திருப்புற கரண்டியும் அதே கரண்டிதானே?"

"ஆமா."

"சரிண்ணே. எங்களுக்கு இன்னொரு செட்டு பரோட்டா வைங்க. சால்னா நல்லா இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாவு படிந்த கல்லில் நானே தினமும் உனக்குச் சுட்டு, இலையில் மடித்து, நூல் கட்டி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தப்பைச் செய்யச் சொந்தமாகப் பரோட்டாக் கடை வேண்டும்; எல்லோராலும் முடியாது. மறுநாளே வீட்டுக்குப் புதுக் கல் வாங்கினோம். நீ தேறினாய். அரைக்கால் டவுசர் முட்டிக்கு மேலே ஏறியபோது உன் அம்மா அதைத் தைக்கக் கொடுக்காமல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. மூன்றாம் வகுப்பில் திரும்பவும் வயிறு கெட்டது. இந்த முறை வீட்டையும் கடையையும் சல்லடை போட்டுத் தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. டப்பா தினமும் துடைத்த மாதிரி காலியாக வந்தது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று உன் அம்மாவுக்கு அதில் மட்டும் திருப்தி. ஒருநாள் உன்னைக் கூப்பிட வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். உன் சிநேகிதன் சாதிக் பையை ஆட்டிக்கொண்டே வந்து, "அங்கிள், இன்னைக்கு லெமன் சாதத்துல உப்பு கம்மி அங்கிள்" என்றான்.

அவன் குறையாகச் சொல்லவில்லை. நாளைக்குச் சரிசெய்துகொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். அவன் வாயைப் பிடுங்கியதில் மிச்சமும் வந்தது. மணி அடித்ததும் நீ ஆபீஸ் ரூமுக்குள் போய், வாட்ச்மேன் கண்ணில் படுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பின் வாசல் வழியாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடிவிடுவாய். அங்கே உங்கள் கூட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கும். அந்த வட்டத்துக்கு ஒரு சட்டம்: யாரும் தன் டப்பாவைத் தானே தின்னக் கூடாது, மாற்றித்தான் தின்ன வேண்டும். உன் லெமன் சாதம் சாதிக்குக்கு. சாதிக்கின் சப்பாத்தி உனக்கு.

ஸ்கூட்டரில் வரும்போது உன்னிடம் கேட்டேன்.

"அதத் தின்னா வயித்த வலிக்கும்னு ஒனக்குத் தெரியும்லடா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குத் தின்னே?"

"சாயங்காலந்தானப்பா வலிக்கும்" என்றாய்.

காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்ததைப் பார்க்காமல் நின்றுவிட்டேன். பின்னால் இருந்த பஸ்காரர் என் குடும்பத்தைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டு போனார். நீ கணக்குப் போட்டிருக்கிறாய், முத்து. மத்தியானம் தனியாக உட்கார்ந்திருப்பதையும் சாயங்காலம் வயிறு வலிப்பதையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்து, எது லேசு என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள் பெரியவர்கள் உன் குடலைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தோம். அந்த டேபிளில் தூசி இல்லை, மாவு இல்லை, ஆபத்து இல்லை, ஆளும் இல்லை.

ஸ்டெல்லா டீச்சரிடம் போய் இதைச் சொன்னேன், இந்த முறை சத்தம் போடாமல். அடுத்த நாள் அவர் ஒரு கிண்ணம் நிறையச் சிவப்புக் கோலப்பொடியோடு வகுப்புக்கு வந்தார். ஒரு பையனை மட்டும் அதில் கையைத் தோய்க்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் எப்போதும் போல விளையாடுங்கள் என்று விட்டுவிட்டார். பெஞ்சு, பேனா, தண்ணீர் பாட்டில், கதவுத் தாழ்ப்பாள், டீச்சரின் கைக்கடிகாரம் வரை பொடி போய்விட்டது. மூக்கு சிவக்காத பிள்ளை ஒன்றும் இல்லை. "இது கோலப்பொடி, அதனால கண்ணுக்குத் தெரியுது. சப்பாத்தித் துணுக்கு இப்படித்தான் போகும், ஆனா தெரியாது. முத்து வாய்க்குள்ள போனா மத்தவங்களுக்கு வராத வலி அவனுக்கு வரும். இப்ப சொல்லுங்க, என்ன செய்யலாம்?" என்று கேட்டார். கையைக் கழுவலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். அன்றே வட்டத்தின் சட்டமும் மாறியது. முத்து டப்பாவிலிருந்து யாரும் எடுக்கலாம், முதலில் கையைக் கழுவ வேண்டும், அவனுக்கென்று இருக்கிற கரண்டியால் அள்ள வேண்டும். முத்துவுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. நீ ஆபீஸ் ரூமிலிருந்து வட்டத்துக்குத் திரும்பினாய். தனி ஃபேனை நிறுத்தினார்கள். தலைமையாசிரியருக்குக் கொஞ்சம் வருத்தம். இத்தனை வசதி செய்து கொடுத்தும் பையன் இருக்கவில்லையே என்று.

இதில் உன் அம்மாவுக்குத்தான் வேலை கூடியது. எடுக்கிற கைகள் அதிகமானதால் டப்பா அடுக்காகி, அடுக்கு தூக்குச்சட்டி ஆனது. எலுமிச்சை சாதமும் புளியோதரையும் பெருங்காயமில்லாமலே மணக்கும் என்று உன் வகுப்புக்குத் தெரிந்தது. மற்றப் பெற்றோர் எல்லோரும் உடனே கனிந்துவிட்டதாக நினைக்காதே. ஒரு அம்மா வந்து, "அந்தப் பையன் டப்பாவுல இருந்து எடுத்துத் திங்கிறானே, எங்க பிள்ளைக்கு ஒட்டிக்காதுல்ல?" என்று கேட்டார். "இது ஒட்டாதும்மா. ஒங்க பையன் மூக்குல ஒரு மாசமா ஒண்ணு ஒழுகுதே, அது ஒட்டும். அத மொதல்ல பாருங்க" என்றார் டீச்சர். கைவினை வகுப்பில் ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சுவதை நிறுத்திவிட்டுச் சோற்றை மசித்து ஒட்டச் சொன்னவரும் அவர்தான். உங்கள் வகுப்பு செய்த காகிதக் கோபுரத்தில் எறும்பு மொய்த்தது. இருந்தும் முதல் பரிசு கொடுத்தார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. எப்போதும் கொடுக்கிறவனாகவே இருப்பதும் ஒரு தினுசில் தனி டேபிள்தான். இதை நாங்கள் யோசிக்கவில்லை. சாதிக்கின் அம்மா யோசித்தார். நோன்புப் பெருநாள் அன்று கீழவாசலிலிருந்து ஆட்டோ பிடித்துச் சாதிக்கையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "பாத்திரம் புதுசுக்கா. அரிசியக் கழுவிக் காய வச்சு, கோதுமை அரைக்கிற மில்லுக்குக் குடுக்காம வீட்டு மிக்சியிலயே அரைச்சேன். பெருங்காயம் எங்க அடுப்படியில கெடையவே கெடையாது. பயப்படாம குடுங்க, புள்ளை திங்கட்டும்" என்று உன் அம்மா கையில் ஒரு தூக்கைக் கொடுத்தார். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். வெளியாள் கொடுத்து நீ தின்ற முதல் சாப்பாடு. சாதிக் உன் எதிரில் உட்கார்ந்து, நீ விழுங்குகிற ஒவ்வொரு வாயையும் எண்ணாத குறையாகப் பார்த்துவிட்டு, "உப்பு சரியா இருக்காடா?" என்று கேட்டான். உப்புக் குறை சொல்ல உனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தான் என்று நினைக்கிறேன்.

இப்படி வளர்ந்த நீ, காலேஜுக்குப் போனதும் வேறு வழி கண்டுபிடித்தாய். யார் கேட்டாலும் "அல்சர்" என்று சொல்ல ஆரம்பித்தாய். அதில் உள்ள சௌகரியம் எனக்குப் புரிகிறது. அல்சருக்கும் சுகருக்கும் பிரஷருக்கும் நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. கேட்டவர் தன்னுடையதையும் சொல்லிவிட்டுப் போவார். உன்னுடையதைச் சொன்னால் விளக்க வேண்டும், பெயரை இரண்டு தரம் சொல்ல வேண்டும், கடைசியில் "அப்ப பூரி திங்கலாம்ல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அல்சர்காரனுக்கு ஊர் அன்போடு என்ன கொடுக்கும் தெரியுமா? பாலில் ஊறிய பன். ஹாஸ்டலில் அதைத் தின்று நீ ஆஸ்பத்திரியில் படுத்ததை நான் சொல்லிக் காட்டவில்லை, ஞாபகப்படுத்துகிறேன். போன வாரம் லூதியானாவிலிருந்து கம்பெனிக்காரர் போனில் பேசும்போது, "நோ பிராப்ளம் சார், எனி ஃபுட் ஓகே" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. மதுரையில் கோதுமை ஆகாதவனுக்கு இந்தியா முழுக்கத் தேடிக் கோதுமை வயலுக்கு நடுவில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அங்கே போயும் எனி ஃபுட் ஓகேயா? டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அங்க போய் இந்தப் பேரச் சொன்னா உங்க பையன் ரெண்டாவது தரம் சொல்ல வேண்டியிருக்காது. கோதுமை திங்கிற ஊருக்குத்தான் இந்த நோயையும் நல்லாத் தெரியும்" என்றார். ஆகவே சொல். முதல் நாளே, முதல் சாப்பாட்டுக்கு முன்பே சொல்.

இனி யாழினி. ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். அவர் ஓய்வு பெற்றுவிட்டாலும் பள்ளிக்கூடம் அவரை விடவில்லை. "அண்ணே, போய்ப் பாத்துட்டு வந்தேன். புதுத் தலைமையாசிரியர் நல்லவருதான். ரொம்ப அக்கறையா புள்ளைக்கு ஆபீஸ் ரூம்ல எடம் போட்டுக் குடுத்திருக்காரு. அதே டேபிள்ண்ணே. ஃபேனும் அதேதான்" என்றார். சாயங்காலம் யாழினியின் அப்பாவையும் கடைக்கு அழைத்து வந்தார். காட்டு வேலை செய்து கறுத்த மனிதர். போர்டில் பரோட்டா என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "டீச்சரு சொன்ன ஆளு நீங்கதானாண்ணே? பரோட்டாக் கடையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குச் சிரிப்பதா, திரும்பிப் போவதா என்று தெரியவில்லை.

உட்கார வைத்து, பையன் வீட்டில் இருக்கிறான், ஆரோக்கியமாக இருக்கிறான் என்றேன். அவர் சொன்னார்: "எங்க காட்டுல குதிரவாலியும் சோளமும்தாண்ணே வெளையுது. ஆத்தாடி, நம்ம வெளைய வைக்கிறது அம்புட்டும் இவளுக்கு ஆகுமாம். புள்ள ஆசப்படுதேன்னு கடையில வாங்கிக் குடுத்தேன் பாருங்க பிஸ்கட்டு, அதுதான் ஆகாதாம்." பிறகு குரல் இறங்கியது. "முந்தாநேத்து ஸ்கூலுக்குப் போய் ஜன்னல் வழியாப் பாத்தேண்ணே. அம்புட்டுப் பெரிய ரூம்புல ஒத்தையா உக்காந்து, சோத்தத் திங்காம ஃபேனையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கு. படிப்பு எங்க போனாலும் வரும். வெள்ளிக்கெழம டி.சி.ய வாங்கிட்டு ஊருக்கே போறோம்." சமைக்கிற கல்லைப் பற்றி, மில்லைப் பற்றி, பெருங்காயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒங்க பையன் நல்லா வளந்துட்டானாண்ணே?"

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ பொருட்காட்சிச் சாமான் இல்லை. புதன்கிழமை நீ பேச வேண்டாம், மேடை ஏற வேண்டாம், ஒருவருக்கும் புத்தி சொல்ல வேண்டாம். அதற்குத்தான் நான் இருக்கிறேனே. கோலப்பொடியோடு ஸ்டெல்லா டீச்சர் காலையிலேயே முதல் வகுப்புக்குப் போகிறார், புதுத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். நீ மத்தியானம் மணி அடிக்கும்போது போ. ஆபீஸ் ரூமுக்குள் போய் அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், மற்றப் பிள்ளைகள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடு. உன் அம்மா எவ்வளவு கட்டிக் கொடுத்தாலும் சாப்பிடு. கதவில் இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு நீ அந்த ரூமுக்குள் நுழைவாய் பார், அதைவிடப் பெரிய சொற்பொழிவு ஒன்றும் கிடையாது. யாழினியின் அப்பாவும் அம்மாவும் ஜன்னல் பக்கம் நின்றிருப்பார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் உன் உயரத்தில் இருக்கிறது.

அந்தக் குழந்தை உன்னிடம், உங்களுக்கு என்ன என்று கேட்கும். பிள்ளைகள் கேட்டே தீரும். அப்போது அல்சர் என்று சொல்லிவிடாதே. ஆறு வயதுப் பிள்ளையிடம் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகிவிட்டால் லூதியானா சுலபம்.

தூக்குச்சட்டியைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. சாதிக்கும் வருகிறான். என் கடைக்கு ஆள் போட்டுவிட்டு வாரேன் அங்கிள், அந்தத் தொட்டிப் பக்கம் ஒருதரம் உட்கார வேண்டும் என்றான். உப்பைப் பற்றி உன் அம்மாவுக்கு முன்கூட்டியே எச்சரிக்கையும் அனுப்பியிருக்கிறான். இடியாப்பம் அவர்கள் வீட்டிலிருந்து. யாழினியின் அப்பா குதிரவாலிச் சோறு கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், வீட்டிலேயே குத்திப் புடைத்ததாம். நீ கொடுக்கவும் ஆள் இருக்கிறது, உனக்குக் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. நான் மட்டும் கேட்டுக்கு வெளியே நிற்பேன். அன்றைக்கு மத்தியானமும் மாவு பிசைய வேண்டியிருக்கிறது. கடைச் சட்டையோடு உள்ளே வருவது முறையில்லை.

மாவு எழுந்துவிட்டது, நான் போக வேண்டும். எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதினாலும் என் விரல்பட்ட இந்தத் தாளில் மாவு இருக்கும். படித்து முடித்ததும் மடித்து வைத்துவிட்டு, கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கீழே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு.

அப்பா